பின்னறை முயல்கள்

வலது காதை முடித்துவிட்டு இடது காதுக்குப் போனபோது பஞ்சில் மறுபடியும் கரி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிடித்த தீ அன்றைக்கே அணைந்துவிட்டது. இன்றைக்கு வெள்ளி. இந்த மனுஷனின் காதிலிருந்து மட்டும் கரி வந்துகொண்டே இருக்கிறதே என்று அவளுக்கு அலுப்பாக இருந்தது. சலவைக் கடையில் கறை எடுப்பதுதான் அவள் வேலை. எண்ணெய், மை, ரத்தம் எதுவாக இருந்தாலும் ஒன்றிரண்டு தடவையில் வழிக்கு வந்துவிடும். இது வருவதாகத் தெரியவில்லை.

"ரொம்ப உள்ள விடாதீங்கம்மா" என்றாள் நர்ஸ்.

"உள்ள எங்க விட்டேன் சிஸ்டர்? மேலயே இவ்ளோ இருக்கு."

கணவர் கண்ணை மூடிக் கிடந்தார். வாயில் குழாய். தலைமாட்டில் இருந்த இயந்திரம் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவரைவிட ஒழுங்காகவே விட்டது. வீட்டில் அவர் விடும் குறட்டைக்கு மேல்மாடி வீட்டுக்காரர்கள் தரையைத் தட்டுவார்கள்.

அவர் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் விலங்குகளைப் பார்த்துக்கொள்பவர். முயல்களுக்கும் எலிகளுக்கும் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, ஊசி போட வருகிறவர்களுக்கு அசையாமல் பிடித்துக் கொடுப்பது. சில நாள் கடைசி வேலையும் அவர் தலையில்தான் விழும். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் குளிக்கப் போய்விடுவார். கல்யாணமான புதிதில் ஒரு தடவை என்னவென்று கேட்டாள். அவர் சொன்னார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் சிலர் ஆய்வுக்கூடத்தின் பின்சுவர் ஏறிக் குதித்து, கூண்டுகளில் இருந்த முயல்களை அள்ளிக்கொண்டு, சாமான் அறையில் தீப்பற்றும் கருவி ஒன்றை நேரம் குறித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது பற்றியபோது இவர் உள்ளே இருந்தார். மாலையே அவர்கள் இணையத்தில் ஒரு அறிக்கை விட்டார்கள். வாயில்லாத உயிர்களின் விடுதலைக்காகச் செய்தோம், எல்லா விலங்குகளையும் மீட்டோம், கட்டிடம் காலியாக இருந்தது, எந்த உயிருக்கும் தீங்கில்லை என்று அதில் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அவள் அதைப் படித்தாள். நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள்.

குழாய் செருகுவதற்கு முன்னால் அவர் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டார்.

"பின் ரூம்ல இருந்ததுங்க?"

"எல்லாம் நல்லா இருக்கு. நீங்க பேசாம இருங்க." அவளுக்கு எதுவும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"மாப்ள எங்க?"

"வருவான்."

மாப்ள என்று அவர் சொன்னது அவளுடைய தம்பியை. ஏசி ரிப்பேர் செய்கிறவன். அம்மா போனபிறகு இவர்கள் வீட்டில் வளர்ந்தவன். சைக்கிள் ஓட்டப் பழக்கியது, முகச்சவரம் செய்யக் கற்றுக்கொடுத்தது எல்லாம் இவர்தான். தங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை இவனை வைத்தே அவர் தீர்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஆகியும் அவன் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் அவன் போன் செய்தான்.

"அக்கா, மாமா தூங்குறாரா?"

"தூங்குறாராவது! ஏதோ ஒரு முயல் காலையில இருந்து திங்கலையாம். சட்டையை மாட்டிக்கிட்டுத் திரும்பப் போயிட்டாரு."

போன் துண்டிக்கப்பட்டது. சிக்னல் போயிருக்கும் என்று அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். அன்று இரவு ஆய்வுக்கூட வாட்ச்மேன் ஆஸ்பத்திரிக்கு வந்து கணவருடைய போனை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். திறந்து பார்த்தாள். எடுக்கப்படாத அழைப்புகள் வரிசையாக இருந்தன. எல்லாம் தம்பி பெயர். எல்லாம் தீப்பிடிப்பதற்கு முன்னால் வந்தவை.

நாத்தனார் பிளாஸ்கோடு உள்ளே வந்தாள். கணவருக்கு மூத்தவள். எதையும் சத்தமாகச் சொல்லித்தான் பழக்கம். ஆஸ்பத்திரியிலும் குறைக்கவில்லை.

"நீ போய் ஒரு வாய் தின்னுட்டு வாம்மா. நீயும் படுத்துட்டா ரெண்டு கட்டிலுக்கு நடுவுல நான் எங்க ஓடுறது?"

"பசிக்கல அண்ணி."

"யாருக்குப் பசிக்குது இங்க? போய்த் தின்னு. உன் தம்பி எங்கடி, துரை இன்னும் வரலையா? இவன்தானே தூக்கி வளர்த்தான் அவனை."

"வேலையா இருப்பான்."

"என்ன வேலை, கலெக்டர் வேலையா?"

அவள் துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தபோது நாத்தனார் கத்துவது கேட்டது. அவள் ஓடிவரவில்லை. பிழிவதை முடித்து, உதறி, மடித்து எடுத்துக்கொண்டுதான் வந்தாள். அதற்குள் நர்ஸ்கள் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். அந்தத் துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் சாயங்காலம் வரை தோளிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். ரவிக்கை நனைந்து, காய்ந்தும் விட்டது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டு நேரத்தில் மாமாவும் மாப்பிள்ளையும் போட்ட சண்டையெல்லாம், வீட்டில் அவர் உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தம்பி பல வருஷமாகக் கம்பெனி வாசலில் பதாகையோடு நின்றவன். உள்ளே இருந்து அவனுடைய மாமா வெளியே வருவார், இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வருவார்கள். அக்கம்பக்கத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பிறகு தம்பிக்குப் புதுச் சிநேகிதர்கள் வந்தார்கள். அவன் வாசலில் நிற்பதை விட்டான்.

"பதாகை பிடிச்சு என்ன மாமா கிழிச்சோம்? கை வலிச்சதுதான் மிச்சம்."

"அப்படிச் சொல்லாதடா. நீங்க கத்துனது உள்ள கேட்டுச்சு. ரெண்டு டெஸ்டை நிறுத்தினாங்க."

"ரெண்டு! இப்படியே போனா உலகம் அழிஞ்சப்புறம் மூணாவதை நிறுத்துவாங்க."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

"அந்தக் கட்டிடமே இல்லாம பண்ணணும். கட்டிடத்துக்கு வலிக்காது. வலிக்கிறது எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். நான்தானே பிடிக்கிறேன். நான் போயிட்டா அந்த இடத்துக்கு வேற ஒருத்தன் வருவான். காதைப் பிடிச்சுத் தூக்குவான்."

"மெதுவாப் பிடிச்சாலும் பிடிக்கிறது பிடிக்கிறதுதான் மாமா."

"ஆமா" என்பார் அவர். மறுத்துப் பேசினால்கூட அவனுக்கு ஆறியிருக்கும். இவர் ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வாய் எடுத்து வைப்பார். அதுதான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். 'ரெண்டு பேரும் வாயை மூடிட்டுத் தின்னுங்க, ஆறுது' என்று அவள்தான் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்வாள்.

அப்படி ஒரு நாள்தான் அவன் கேட்டான், ஞாயிற்றுக்கிழமைகூடப் போக வேண்டுமா என்று. "அதுங்களுக்கு ஏதுடா ஞாயித்துக்கிழமை? காலையில தீனி வெச்சுட்டு வந்துருவேன். அப்புறம் திங்கக்கிழமை வரைக்கும் உள்ள ஒரு ஈ காக்கா இருக்காது" என்று இவர் பெருமையாகச் சொன்னார். அவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது ஒரு பேச்சாகவே படவில்லை.

சனிக்கிழமை காலையில் ஆட்கள் வந்தார்கள். எரிப்பதா புதைப்பதா என்று கேட்டார்கள். "ஏற்கெனவே எரிஞ்சவனை மறுபடியும் எரிக்கணுமா? புதைங்க" என்றாள் நாத்தனார். முதல் தடவையாக அவள் மெதுவாகப் பேசினாள்.

ஆய்வுக்கூடத்தின் மேலாளர் மாலையோடு வந்தார். நல்ல மனிதர்தான். எங்கே நிற்பதென்று தெரியாமல் செருப்பு ராக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரை உள்ளே கூப்பிட்டு நடந்ததை ஒழுங்காகச் சொல்லச் சொன்னாள். அதுவரை அரைகுறையாகத்தான் ஒவ்வொருவரும் சொல்லியிருந்தார்கள்.

"புதுசா வர்ற முயல்களை மத்ததோட சேர்க்க மாட்டோம்மா. நோய் ஏதாவது இருந்தா தொத்திக்கும். பின்னால தனி ரூம், தனி வாசல். அங்க போயிட்டு வந்தவங்க அன்னைக்கு முன்பக்கம் போகக் கூடாது. உங்க வீட்டுக்காரர் அதுல ரொம்பக் கறார். அதனாலதான் முன்னால கூண்டெல்லாம் காலியா இருக்குறதே அவருக்குத் தெரியல. அந்தத் திங்காத முயலோட பின் ரூம்ல உட்கார்ந்திருந்திருக்காரு. போனையும் வெளி லாக்கர்ல வெச்சுட்டாரு. மணி அடிச்சா அதுங்க மிரளும்னு."

"வெளியில வந்திருக்கலாமே?"

"வந்தாரும்மா. கூண்டுகளைத் தூக்கிட்டு ரெண்டு தடவ வந்தாரு. வாட்ச்மேன் பிடிச்சு நிறுத்தியிருக்காரு. உதறிட்டு மூணாவது தடவ போனாரு."

"அவர் தூக்கிட்டு வந்ததுங்க?"

மேலாளர் தரையைப் பார்த்தார். "புகை உள்ள போயிட்டா அதுங்க ஆய்வுக்கு ஆகாதும்மா. செவ்வாக்கிழமையே… விதிமுறை அப்படி."

அவள் தலையாட்டினாள். திங்கள், செவ்வாய் என்று அவர் குழாயோடு கிடந்த நாட்களை எண்ணிப் பார்த்தாள். யார் மேல் கோபப்படுவது என்பதில் அவளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. அதை இந்த மனிதர் வந்து கலைத்துவிட்டார்.

விசாரணை அதிகாரியும் வந்திருந்தார். சாதாரண உடுப்பில், வாசலில் நிழலாக இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் அருகில் போனபோது எழுந்து நின்றார்.

"இன்னைக்கு ஒண்ணும் கேட்க மாட்டேம்மா. உங்க தம்பி வரலையா?"

"வருவான்."

"சரி. அன்னைக்குப் போன்ல யார் யாருக்குப் பேசினாங்கன்னு விவரம் எப்படியும் வந்துரும். வந்தப்புறம் நான் போய்க் கூப்பிடுறது ஒண்ணு. அவங்களா வந்து சொல்றது ஒண்ணு. பொதுவாத்தான் சொல்றேன்."

"சரிங்க சார்."

"உடம்பைப் பார்த்துக்குங்க."

உடம்பைக் கீழே இறக்க வேண்டிய நேரம் வந்தது. மாடிப்படி குறுகல். முன்னால் இருவர், பின்னால் இருவர் வேண்டும். மேலாளர் ஒருவர், வாட்ச்மேன் ஒருவர், மேல்மாடி வீட்டுக்காரர் ஒருவர். இன்னொருவர் யார் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது தம்பி தெருவுக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த கடைக்கு முன்னால் நிற்பதை ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். தாடி வளர்ந்திருந்தது. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தான். அவனை அறைய வேண்டும் போல இருந்தது. சாப்பிட்டிருப்பானா என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் அவளுக்கு உட்கார்ந்தால் போதும் என்றாகிவிட்டது.

"மேல வா" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள். "ஆள் குறையுது."

அவன் வந்தான். மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கால்பக்கம் பிடித்துக்கொண்டான். படி திரும்பும் இடத்தில் பின்னால் பிடித்தவர்களுக்குப் பாரம் தாங்கவில்லை. "விட்றாதீங்க, விட்றாதீங்க" என்று அவன் சொல்லிக்கொண்டே இறங்கியது மேலே அவளுக்குக் கேட்டது. நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "இவனாவது வந்தானே" என்று அழுதாள்.

புதைத்துவிட்டு எல்லோரும் திரும்பியபோது பிற்பகல் ஆகியிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நாத்தனார் உள்ளறையில் படுத்துவிட்டாள். அவள் சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி வந்து கதவோரம் நின்றான்.

"அக்கா."

"சொல்லு."

"அவர் அங்க இருப்பாருன்னு தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. கடைசியா ஒரு தடவ கேட்டுக்கலாம்னுதான் உனக்கு அடிச்சேன்."

"நான் சொன்னப்புறம் எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

அவன் கதவின் தாழ்ப்பாளை இழுத்து இழுத்து விட்டான்.

"கேட்கிறேன்ல. அது பத்திக்க எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"அரை மணி நேரம்."

அவள் குழாயை மூடினாள். கால் மணி, பத்து நிமிஷம் என்று அவன் சொல்வான் என்று எதிர்பார்த்திருந்தாள். அரை மணி நேரத்தில் அவள் ஒரு பட்டுச் சேலையில் காபிக் கறை எடுத்துவிடுவாள்.

"மாமாவுக்கு அடிச்சுக்கிட்டே இருந்தேன். எடுக்கல."

"அவர் உள்ள எடுத்துட்டுப் போக மாட்டாரு."

"எனக்குத் தெரியாதே."

"இவ்வளவு வருஷம் சண்டை போட்டியே, ஒரு நாளாவது அவர் வேலை எப்படின்னு கேட்டியா? அந்தப் பின் ரூம்?"

"பூட்டியிருந்துச்சு. இன்னொரு சாமான் ரூம்னு நெனச்சோம்." அவன் குரல் உள்ளே போனது. "எல்லாத்தையும் மீட்டோம்னு போட்டாங்க. நான்தான் முன்னாடியே எழுதிக் கொடுத்தேன்."

"வாட்ச்மேனுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். ஃபயர் சர்வீஸுக்குப் பண்ணியிருக்கலாம்."

"பண்ணணும்னுதான் சொன்னேன். வேண்டாம்னாங்க. கருவி முழுசாக் கிடைச்சுட்டா எல்லாரும் மாட்டிப்போம்னாங்க. நான் வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். பாலத்துக்கிட்ட வர்றப்பவே புகை தெரிஞ்சுச்சு."

"அப்புறம்?"

"திரும்பிட்டேன்."

அவள் அவனைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று அவனைப் பற்றி அவர் எப்போதும் சொல்வார். இப்போதும் அவன் பொய் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"அதுங்க எங்க இருக்கு?" என்றாள்.

"எதுங்க?"

"நீங்க அள்ளிட்டுப் போனதுங்க."

"ஊருக்கு வெளியில ஒரு தோட்டத்துல. கொஞ்சம் செத்துப்போச்சு. மத்ததுங்க இருக்கு." அவன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "புல்லுல விட்டா முதல்ல நிக்கவே தெரியலக்கா அதுங்களுக்கு. கம்பியில நின்னே பழக்கம். ரெண்டு நாள் கழிச்சு ஒண்ணு ஓடுச்சு. அப்புறம் எல்லாம் ஓடுதுங்க."

அவை ஓடுவதைக் கேட்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இருக்கக் கூடாதென்று நினைத்தாள். இருந்தது. அவரிடம் சொல்லியிருந்தால் அவருக்கும் இருந்திருக்கும் என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாளாக வராத அழுகையை அழுதாள். தம்பி பக்கத்தில் வரவில்லை. வர அவனுக்குத் துணிச்சல் இல்லை.

அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

"இன்னொரு அறிக்கை எழுதியிருக்காங்க" என்றான் அவன். "செத்தவரும் கொலைகாரர்தான், அப்பாவி இல்லைன்னு. அதை நான் படிச்சு வீடியோ போடணுமாம். சொந்தக்காரனே சொன்னா எடுபடுமாம்."

"படிச்சியா?"

"இல்ல."

"ஏன்? அவர் கையால எத்தனையோ போயிருக்கு. அவரே ஆமான்னுதானே சொல்லுவாரு."

"அவர் சொல்லலாம். நான் சொல்லக் கூடாது" என்றான்.

சரியாகத்தான் சொல்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. இது போன மாதம் தோன்றியிருக்கக் கூடாதா என்றும் தோன்றியது.

"அந்த சார் இன்னும் வாசல்ல உட்கார்ந்திருக்காரு" என்றாள்.

"பார்த்தேன்."

"நான் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நான் எதுக்குடா சொல்லணும்? போய் நீ சொல்லு."

"அக்கா, உள்ள போட்டுருவாங்கக்கா. வருஷக்கணக்குல."

"போடட்டும்."

"மத்தவங்க பேரையும் கேட்பாங்க."

"கேட்பாங்க."

"அவங்க எனக்கு…" அவன் முடிக்கவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்த அவளிடம் தெம்பும் இல்லை. கழுவிய டம்ளர்களைத் துடைத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

"நீ வந்து பார்ப்பியாக்கா?"

வருவேன் என்று சொல்ல வாய் வந்தது. அப்புறம் பாலம் ஞாபகத்துக்கு வந்தது, அங்கே வண்டியைத் திருப்பியது.

"தெரியல" என்றாள். "இப்பத் தெரியல. சட்டையை ஒழுங்காப் போட்டுக்கிட்டுப் போ."

அவன் பித்தான்களைக் கழற்றி மறுபடி போட்டான். ஒன்று மறுபடியும் மாறிப்போனது. அவள் உதவிக்குப் போகவில்லை. போட்டு முடித்ததும், வேறு எதுவும் சொல்லாமல் கூடத்தைத் தாண்டிப் படியிறங்கினான். அவள் ஜன்னலுக்கு வந்தாள்.

கீழே அதிகாரி போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அவர் முன்னால் போய் நின்றான். அவன் என்ன சொன்னான் என்பது மேலே கேட்கவில்லை. நீளமாக ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. அதிகாரி போனைச் சட்டைப்பையில் வைத்தார். பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து, அதன்மேல் கிடந்த பூவைத் தட்டிவிட்டு, அவனுக்குக் காட்டினார். அவன் உட்கார்ந்தான்.

வாடகைக்கு நாற்காலி கொடுத்த ஆள் அறைக்கதவைத் தட்டினான். "வண்டி வந்துருச்சும்மா. எல்லாத்தையும் ஏத்திக்கலாமா?"

"ஏத்திக்குங்க" என்றாள். ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "அந்த ரெண்டு மட்டும் இருக்கட்டும். அவங்க பேசி முடிக்கட்டும்."